வலப்பக்கமாக ஒரு சுற்று

எட்டு இருபதுக்கு வந்தார்கள். ஆறு மணிக்கு வரவேண்டியவர்கள். ஆவாரந்தாங்கல் வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்தே முக்காலிலிருந்து நான் நின்றுகொண்டிருந்தேன். அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. வழியில் ஐயம்பேட்டையில் வேனை நிறுத்தி, மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த குடலை இட்லியை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஏப்பம் விட்டுக்கொண்டே இறங்கினார்கள்.

ஆவாரந்தாங்கல் வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏரி. பறவைகளுக்காக அரசாங்கம் கம்பி வேலி போட்டுப் பாதுகாக்கிறது. வருகிறவர்களைக் கரைமேல் அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டுவது என் வேலை. ஒரு சுற்று ஆறு கிலோமீட்டர். மே மாதத்தில் காலை எட்டு மணிக்கு மேல் யாரையும் சுற்ற விடக்கூடாது, வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் கோபுரத்தில் ஏற்றிக் காட்டி அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. அதைப் பலகையில் பெயின்ட்டால் எழுதியதே நான்தான்.

அதைத்தான் சொன்னேன். வந்தவர்கள் பதினான்கு பேர், காஞ்சிபுரத்து நடைக் குழு. விடியற்காலையில் ராஜவீதிகளைச் சுற்றித் தினமும் நடக்கிறவர்களாம். அவர்களின் தலைவர் கலியாணசுந்தரம். பட்டு நெசவுக் குடும்பம், வீட்டில் பன்னிரண்டு தறி ஓடுகிறது. நெற்றி நிறைய விபூதி, தோளில் துண்டு, காலில் புது ஷூ. அவர் பலகையைப் படிக்கவே இல்லை. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். இரண்டு நிமிடத்தில் என் போன் அடித்தது. எங்கள் அதிகாரி. தெரிந்தவர்கள், அனுப்பிவிடு என்றார். மணி எட்டரை ஆகிறது சார் என்றேன். போன மாதம் நடந்தது ஞாபகம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

போன மாதம் நடந்தது இதுதான். கல்யாண போட்டோ எடுக்க வந்த ஒரு கூட்டம், நாரைக் கூடுகள் இருக்கும் மரத்தடியில் கலர் புகை டப்பாவைக் கொளுத்தியது. நான் அதைப் பிடுங்கிச் சேற்றில் போட்டு மிதித்தேன். மாப்பிள்ளையையும் நாலு வார்த்தை கேட்டேன். புகார் போனது. இன்னொரு புகார் வந்தால் ஜூன் மாதத்தோடு வேலை கிடையாது என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். என் அப்பா ராஜவேலு செங்கல் சூளையில் இடுப்பை ஒடித்துக்கொண்டு இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறார். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது என்னுடையது ஒன்றுதான். இனிமேல் யாரிடமும் வாயைக் கொடுக்க மாட்டேன் என்று அம்மா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தேன். இந்த வாய்க்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அம்மாவுக்குத்தான் தெரியும்.

கதவைத் திறந்தேன். எந்த ஊரம்மா நீ என்று கலியாணசுந்தரம் கேட்டார். பக்கத்து ஊர்தான் என்று பெயரைச் சொன்னேன்.

"ஊர்ல எந்தத் தெரு?" என்றார்.

இந்தக் கேள்வி எதற்கென்று தெரியாமல் இந்தப் பக்கத்தில் யாரும் வளர்வதில்லை. சொன்னேன். 'ம்' என்றார். என் சட்டைப் பையில் திரிஷா என்று பெயர் குத்தியிருக்கிறது. அதற்குப் பிறகும் அவருக்கு நான் 'ஏ பொண்ணு'தான். எனக்கு அப்போதே காது சூடாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

போகத்தான் வேண்டுமென்றால் கிழக்குக் கரையில் தொடங்கலாம் என்றேன். காரணம் சின்னப் பிள்ளைக்கும் புரியும். வாசல் இருப்பது தெற்கில். மேற்குக் கரை முழுக்க மருதமும் நாவலுமாக நிழல். கிழக்குக் கரையில் இரண்டரை கிலோமீட்டருக்கு ஒரு மரம் கிடையாது. ஒரு பக்கம் வெடித்துப்போன சேறு, மறுபக்கம் கம்பி வேலி. வெயில் ஏறுவதற்குள் அந்த மொட்டைக் கரையை முடித்துவிட்டால், ஏறிய வெயிலில் மரத்தடியாகத் திரும்பி வரலாம்.

கலியாணசுந்தரம் கண்ணில் என் பைனாகுலர் இருந்தது. பறவை பார்க்கக் கொடுத்தது. அவர் பறவையைப் பார்க்கவில்லை. ஏரிக்கு நடுவில் இருக்கும் திட்டில், அரச மரத்தடியில் ஒரு சிவலிங்கம் உண்டு. மழைக்காலத்தில் அதன் பக்கத்தில் நீர்க்காகங்கள்தான் உட்கார்ந்திருக்கும். கோடையில் தண்ணீர் வடிந்தால் கரையிலிருந்து தெரியும். அதைக் கண்டுபிடித்துவிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூட வந்தவர்களும் போட்டுக்கொண்டார்கள்.

"நடுவுல சிவன் உக்காந்துக்கினு இருக்கிறாரு. இந்தப் பொண்ணு அவரை இடப்பக்கம் வெச்சிக்கினு சுத்தச் சொல்லுது," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "சாவுக்குத்தான் அப்பிடிச் சுத்துவாங்க. நாம வலமாவே போவோம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். பதினோரு வருடமாகக் கோயில் வீதிகளை வலமாகவே சுற்றிய கால்களாம், வேறு பக்கம் திரும்பாதாம். நாங்களும் கோயிலை வலமாகத்தான் சுற்றுவோம், உள்ளே விட்ட கோயிலை. ஆனால் வெயிலுக்கு வலமும் தெரியாது, இடமும் தெரியாது. இதைச் சொல்ல நாக்கு துடித்தது. அம்மாவின் தலையை நினைத்துக்கொண்டு மேற்கே திரும்பி நடந்தேன்.

மேற்குக் கரை குளுகுளுவென்று இருந்தது, அதுதான் வினை. வெயில் வெயில் என்று பயமுறுத்தினாயே, எங்கேயம்மா வெயில் என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் ஏசி போட்டு வைத்திருக்கிறாயா என்றார். நத்தைகுத்தி நாரை ஒன்று நின்றால் பத்து நிமிடம் போட்டோ. நாரைக்கு முன்னால் நின்று பத்து நிமிடம் செல்ஃபி. நேரமாகிறது, சீக்கிரம் நடந்தால் நல்லது என்று இரண்டு முறை சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னேன்.

கடைசி ஆளாக வடிவாம்பாள் வந்தார். கலியாணசுந்தரத்தின் மனைவி, அறுபது வயதிருக்கும். மற்ற எல்லார் காலிலும் ஷூ. அவர் காலில் மட்டும் வீட்டில் போடும் ரப்பர் செருப்பு. கணவருடைய மாத்திரை, கணவருடைய தண்ணீர், கணவருடைய மாற்றுத் துண்டு எல்லாம் அடங்கிய பை அவர் தோளில் தொங்கியது. அந்தக் கூட்டத்தில் என் பெயரைப் படித்து, திரிஷா என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். கோரைப் புல்லுக்குள் நீலத் தாழைக்கோழி ஒன்று நடந்துபோனது. நின்று பார்த்தார். தறியில் நெடுக்கே வாடாமல்லிப் பாவும் குறுக்கே மயில்கழுத்து ஊடையும் போட்டால் இந்தக் கலர் வரும், திருப்பித் திருப்பிப் பார்த்தால் இப்படித்தான் மின்னும் என்றார். கையை அப்படியும் இப்படியும் சாய்த்துக் காட்டினார்.

அவர் தண்ணீரே குடிக்கவில்லை. இரண்டு முறை என் பாட்டிலை நீட்டினேன். அப்புறம் குடிக்கிறேன் என்றார். மூன்றாவது முறை நீட்டியபோது, மற்றவர்கள் முன்னால் போகட்டும் என்று காத்திருந்து, இங்கே பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். வாசலில் மட்டும்தான் என்றேன். சரி என்று பாட்டிலை மூடி என்னிடமே கொடுத்துவிட்டார். ஆறு கிலோமீட்டர் பாதைக்கு மூன்று பெயர்ப்பலகையும் நாலு குப்பைத் தொட்டியும் வைத்தவர்களுக்கு ஒரு கழிப்பறை கட்டத் தோன்றவில்லை. நானே எத்தனை நாள் மத்தியானம் வரைக்கும் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறேன்.

வடக்கே மதகுக்கு வந்தபோது மணி ஒன்பது ஐம்பது. ஏரித் தண்ணீர் வயலுக்குப் போகும் வழி அது. அங்கே ஒரு பெரிய மருதமரம். அதுதான் கடைசி நிழல். கரைக்குக் கீழே ஒரு மோட்டார் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் கத்திரித் தோட்டமும் இருக்கின்றன. எல்லாரும் வியர்வையில் நனைந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். வடிவாம்பாள் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் செக்கச்சிவந்திருந்தது. ஆனால் ஒரு சொட்டு வியர்வை இல்லை. கழுத்து, மேலுதடு, எல்லாம் காய்ந்து கிடந்தது. வெயிலில் வியர்வை நின்றுபோனால் அடுத்து ஆள் விழும். செங்கல் சூளையில் வளர்ந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கலியாணசுந்தரம் கிளம்பலாம் என்று கை தட்டினார். அப்போது வடிவாம்பாள் சொன்னார்.

"ஏங்க, பிரதோஷத்துக்குக் கோயில்ல கோமுகி வரிக்கும் போயி, அதைத் தாண்டாம திரும்பிடறோமே. இதும் வடக்கால தண்ணி போற எடந்தானே. கோமுகின்னு நினைச்சிக்கினு திரும்பிடலாமே."

சிவன் கோயில்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பிரதோஷத்தன்று முழுச் சுற்று சுற்ற மாட்டார்கள். சன்னதியின் வடக்குப் பக்கத்தில் அபிஷேகத் தண்ணீர் விழும் கோமுகி வரை போய், தாண்டாமல் வந்த வழியே திரும்புவார்கள். முடியவில்லை என்று அந்த அம்மா சொல்லவில்லை. நாற்பது வருடம் அந்த மனிதரோடு இருந்தவர். முடியவில்லை என்றால் அவர் காதில் விழாது, சாஸ்திரம் என்றால் விழும் என்று தெரிந்து, அந்த நிலைமையிலும் யோசித்து ஒரு சாஸ்திரத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். எனக்குப் புரிந்தது. அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"இன்னிக்கு பிரதோஷமா?" என்றார் கலியாணசுந்தரம். நாலைந்து பேர் சிரித்தார்கள். பாதியில் திரும்பினால் சுற்றியது சுற்றாததுக்குச் சமம் என்றும், இன்னும் கொஞ்ச தூரம்தான் என்றும் சொல்லிவிட்டு வெயிலில் இறங்கினார்.

வடிவாம்பாள் என்னைப் பார்த்தார். நானும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயா, இதற்குமேல் நிழல் கிடையாது என்று கலியாணசுந்தரத்தின் முதுகைப் பார்த்துச் சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னேன். தெரியும், நட என்றார். நடந்தேன். கல்யாண மாப்பிள்ளையை நாலு வார்த்தை கேட்ட அதே வாய்தான். ஜூன் மாதச் சம்பளத்தை நினைத்துக்கொண்டு மூடிக் கிடந்தது.

கிழக்குக் கரை தகித்தது. செருப்புக்குள் மண் சுட்டது. கரையோரம் ஆள்காட்டிக் குருவிகள் முட்டை வைத்திருந்தன. கூடு என்று ஒன்றும் கிடையாது, வெறும் தரைதான். வெயில் படாமல் முட்டைக்கு மேலே சிறகை விரித்து நிழலாக நிற்கும். நாங்கள் கிட்டே போனதும் எழுந்து கத்திக்கொண்டு பறந்தன. முட்டைகள் வெயிலில் கிடந்தன. இரண்டு பேர் குனிந்து போட்டோ எடுத்தார்கள். வாங்க சார், வாங்க சார் என்று கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பத்தேகாலுக்கு வடிவாம்பாள் விழுந்தார். சத்தமே இல்லை. தறியில் பாவு ஏற்றியாச்சா, பாவு ஏற்றியாச்சா என்று பக்கத்தில் இல்லாத யாரையோ கேட்டார். பிறகு உட்கார்ந்தார். பிறகு அப்படியே சாய்ந்துவிட்டார். தொட்டுப் பார்த்தேன். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. தண்ணீரை முகத்தில் அடித்தேன், கண் திறக்கவில்லை. எல்லார் பாட்டிலும் காலி. என்னிடம் இருந்ததும் அந்தக் கையளவுதான்.

திரும்பினால் மோட்டார் கொட்டகை அரை கிலோமீட்டர்கூட இல்லை. முன்னால் போனால் வாசல் வரைக்கும் இரண்டு கிலோமீட்டர், நிழல் கிடையாது. கரைமேல் வண்டி வராது, கொட்டகைக்கு வயல் பக்கமாக வரும். தூக்குங்கள், திரும்பலாம் என்றேன். விக்னேஷ் என்று ஒருவன், வடிவாம்பாளின் தங்கை மகன், முப்பது வயதிருக்கும், உடனே வந்து தோளைப் பிடித்தான். அப்போது கலியாணசுந்தரம் குறுக்கே வந்து நின்றார்.

"முன்னால தூக்கினு போங்கப்பா. அவளை இடப்பக்கமா தூக்கக் கூடாது. உசுரோட இருக்கிறவள அப்பிடித் தூக்கக் கூடாது."

விக்னேஷ் நின்றுவிட்டான். பெரிய படிப்புப் படித்தவன், பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறவன், பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். மற்றவர்களும் நின்றார்கள். பெண்ணொருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள், பன்னிரண்டு பேர் திசை யோசிக்கிறார்கள். என் சத்தியம் அந்த இடத்தில் முடிந்தது.

"யோவ், வழிய விடுய்யா," என்றேன். "இப்ப இவங்கள தண்ணில போடலன்னா நீ சொல்ற அந்தச் சாவுச் சுத்த சாயந்திரமே சுத்தலாம்."

அவர் தோளில் கிடந்த துண்டை நானே உருவினேன். மற்றவர்களிடமும் துண்டு கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்கிறேன், கத்தினேன். துண்டுகளை முதுகுக்கும் தொடைக்கும் கீழே கொடுத்து, ஆளுக்கு ஒரு முனை பிடித்து நாலு பேர் தூக்கினோம். ஏரி இடப்பக்கம் இருந்தது, சிவனும் இடப்பக்கம் இருந்தார். வழியெல்லாம் விக்னேஷைத் திட்டிக்கொண்டே ஓடினேன்.

மோட்டாரைப் போட்டேன். நல்லவேளை கரண்ட் இருந்தது. தொட்டிக்குள் நான் முதலில் இறங்கி உட்கார்ந்து, அந்த அம்மாவைக் கழுத்து வரைக்கும் தண்ணீரில் இறக்கித் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். ஈரத் துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தேன். விக்னேஷ் 108க்குப் பேசினான். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். தொட்டியைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். கலியாணசுந்தரமும் நின்றார். இது எந்தத் தெருக்காரன் தொட்டி என்று அவர் கேட்கவில்லை.

இருபது நிமிடம் கழித்து வடிவாம்பாள் கண் திறந்தார். முதலில் கேட்டது, கணவருடைய மாத்திரைப் பை எங்கே என்று. எனக்கு அழுகை வந்தது, கோபத்தில்தான். என் பையில் எப்போதும் வைத்திருக்கும் உப்பும் சர்க்கரையும் கலந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். குடித்தார்.

அவர் குடிப்பதைப் பார்த்ததும் கலியாணசுந்தரம் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். நாங்கள் சுற்றை முடித்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறோம் என்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. பாதியில் விட்டால் அந்தத் தோஷம் இவளைத்தான் பிடிக்கும் என்று மெதுவாக விளக்கினார். அந்த ஆள் பயந்துபோயிருந்தார், பொண்டாட்டிக்காகத்தான் போகிறோம் என்று நம்பினார். எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு, மறுபடியும் கிழக்குக் கரையில் ஏறினார். ஆள்காட்டிகள் கத்துவது தொட்டி வரைக்கும் கேட்டது.

மற்றவர்கள் மரத்தடிக்குப் போனார்கள். வடிவாம்பாள் என் காதருகில், தண்ணீரிலேயே ஒன்றுக்குப் போய்விட்டேன் என்று கூச்சத்தோடு சொன்னார். பரவாயில்லை, கத்திரிக்காய்க்குத்தானே போகிறது என்றேன். லேசாகச் சிரித்தார். பிறகு கேட்டார்.

"மதகாண்ட நான் சொன்னப்போ நீ என் மூஞ்சியதான் பாத்துக்கினு இருந்த. ஒனக்குத் தெரிஞ்சிதுல்ல?"

"தெரிஞ்சிதும்மா."

"அப்புறம் ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். அவர் திட்டவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கேட்டார். என் வேலை, என் சம்பளம், அப்பாவின் இடுப்பு எல்லாம் நாக்கு வரைக்கும் வந்தன. அவர் ஈரத் தலை என் தோள்மேல் இருந்தது. வந்ததை அங்கேயே நிறுத்திவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் துண்டை நனைத்து நனைத்து அவர் கழுத்தில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார் என்று பிறகு விக்னேஷ் மெசேஜ் அனுப்பினான். ஆனால் அன்றைக்கே, வேனை எடுக்க வாசலுக்கு வந்தபோதே, கலியாணசுந்தரம் வருகைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது மை காய்ந்திருந்தது. வழிகாட்டிப் பெண் வயதில் பெரியவர்களை 'யோவ்' என்று ஒருமையில் பேசினாள், பொது இடத்தில் அவமதித்தாள் என்று முத்து முத்தான கையெழுத்து. கீழே, பறவைகள் அருமை என்று இன்னொரு வரி.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு ஒரு வேன் வந்தது. வாலாஜாபாத்திலிருந்து குடும்பமாக வந்திருந்தார்கள். கோபுரம் வரைக்கும்தான் விடுவேன் என்றேன். அவர்களும் யாருக்கோ போன் செய்தார்கள். என் போன் அடித்தது. எடுக்கவில்லை. கரைக்குப் போகும் உள்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். போன் பதினோரு முறை அடித்தது.

பத்து மணிக்கு அதிகாரியே நேரில் வந்துவிட்டார். பதிவேட்டை மேஜைமேல் பிரித்து வைத்தார். முதலில் கத்தினார், பிறகு தணிந்தார். அந்தப் புகாருக்குக் கீழே மன்னிப்பு என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடு, மேலே நான் பேசிக்கொள்கிறேன், வேலை நிலைக்கும் என்றார். பேனாவை அவரே திறந்து கொடுத்தார்.

வாங்கி எழுதினேன். "மேலே எழுதியிருப்பது உண்மை. அவரை யோவ் என்று சொன்னேன். காலை 9.50க்குச் சொல்லியிருக்க வேண்டும். 10.15க்குத்தான் சொன்னேன். திரிஷா, த/பெ ராஜவேலு." கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சாவியைப் பதிவேட்டின் மேல் வைத்தேன்.